மணிக்கட்டில் வீடு

பளு தூக்கும் மேடைக்கு மூன்றாவது தடவை கூப்பிட்டார்கள். இதுதான் கடைசி.

முதல் இரண்டு தடவையும் எடை மாட்டிய கம்பி என் மகளின் தோள் வரைக்கும் வந்தது. தலைக்கு மேலே போகவில்லை. தொம்மென்று விழுந்தது. அந்த அதிர்ச்சி மேடையை விட்டு இறங்கி என் பாதம் வரைக்கும் வந்தது.

இதையும் கீழே போட்டால் பயிற்சி முகாமில் இடம் கிடையாது. திங்கட்கிழமையிலிருந்து என்னோடு கட்டட வேலைக்கு வந்துவிடுவதாக அவளே சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது கைக்குள் அடங்குவாள். இப்போது என்னையும் அவள் அப்பாவையும் ஒரே மூச்சில் தூக்கி அந்தப் பக்கம் வைப்பாள். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

என் பக்கத்தில் மனசு டீச்சர் உட்கார்ந்திருந்தார். விளையாடுகிற பிள்ளைகளுக்கு மனப் பயிற்சி கொடுப்பவர். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, பேச்சு மட்டும்தான். முதலில் நான் பயந்துபோய், என் பெண்ணுக்குப் புத்தியில் ஒன்றும் கோளாறு இல்லையே என்று அவரிடமே கேட்டு வைத்தேன்.

கோளாறு கையிலும் இல்லை, காலிலும் இல்லை. கம்பியைத் தொடுவதற்கு முன்பே பொடிசு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். சின்ன வயசிலிருந்தே, பயந்தால் அப்படித்தான். தோள் இரண்டும் காதுக்கு ஏறும். உடம்பு கல்லாகிவிடும். கல் எங்கே கம்பியைத் தூக்க?

அதற்கு டீச்சர் ஒரு வழி சொல்லியிருந்தார். ஒரே ஒரு வார்த்தை. பயம் வரும்போது அதைப் பார்க்க வேண்டும். என்ன வார்த்தை என்பது அவரவர் இஷ்டம், யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தைரியம், வெற்றி, நெருப்பு என்று என்னென்னவோ எழுதிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

இரண்டாவது தடவையும் விழுந்தபிறகு நேராக எங்களிடம் வந்தாள். டீச்சரிடம் பேனா வாங்கினாள். மணிக்கட்டில் சுற்றியிருந்த வெள்ளைப் பட்டையில் ஏதோ எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் பார்த்துவிட்டேன்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். இவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான், வேலை முடிந்து சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். ஆனாலும் இரண்டே எழுத்துதானே.

வீ. டு.

டீச்சரும் பார்த்துவிட்டார். "நல்ல வார்த்தைம்மா. வீட்ட நெனச்சாலே பாதி பயம் போயிடும்."

தலையை ஆட்டினேன்.

எந்த வீடு?

கட்டடம் எழும்புகிற வரைக்கும் அதற்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை. கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்தால், கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். ஒன்றில் கதவு கிடையாது, பலகையைச் சாத்தி வைப்போம். ஒன்றில் மழை பெய்தால் வெளியே நிற்பதும் உள்ளே நிற்பதும் ஒன்று. சுவர் வைக்காத மாடியில், இவள் புரண்டு விழுந்துவிடுவாளோ என்று என் இடுப்போடு கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

இதில் எதை நினைத்து இவளுக்குத் தைரியம் வரும்?

இல்லை, எங்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்றுதான் தூக்குகிறாளா? அந்தப் பாரத்தையும் அந்தக் கம்பியில் சேர்த்துக் கட்டிவிட்டோமா?

பொடிசு மேடை ஏறினாள். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி. கம்பிக்கு முன்னால் நின்றாள். தோள் ஏறத் தொடங்கியது. காது வரைக்கும் வந்துவிட்டது.

பட்டையைப் பார்த்தாள்.

சிரித்தாள்.

அத்தனை பேருக்கு நடுவில், உதட்டோரமாக, ஒரு திருட்டுச் சிரிப்பு. வீட்டை நினைத்து யாராவது அப்படிச் சிரிப்பார்களா?

பிறகு வாயைக் குவித்து நீளமாக ஊதினாள். தோள் இரண்டும் இறங்கின.

அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அவள் முதன்முதலாகப் போட்டிக்குக் கிளம்பிய காலை. எங்களுக்கு அன்று தளம் போடுகிற வேலை. கலவை ஊற்ற ஆரம்பித்தால் நடுவில் ஒருத்தரும் நகர முடியாது. நான் வரவில்லை என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றாள். வண்டி வேறு வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மணிக்கட்டில் பேனாவால் எழுதினேன். வகுப்புக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

கலவைச் சட்டி கனத்தால் நாங்கள் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்வோமே, மூச்சை விடு என்று. அதில் 'மூச்சு' எனக்கு எழுத வராது. அதனால் மற்றதை மட்டும்.

எழுதியதைப் பார்த்து, இதே சிரிப்பைச் சிரித்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. அழகா இருக்கு."

கம்பி தோளுக்கு வந்தது. தலைக்கு மேலே போனது. நின்றது.

தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று விளக்கும் வெள்ளையாக எரிந்தன. டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு, வீடு ஜெயித்துவிட்டது, வீடு ஜெயித்துவிட்டது என்று கத்தினார்.

நான் என் உள்ளங்கையில் விரலால் மெதுவாக எழுதிப் பார்த்தேன். விடு.

'வி'க்குத் தலையில் சுழி கிடையாது.

அன்றைக்கு நான் போட்டிருந்தேன்.