பூட்ஸ் சொன்ன வார்த்தை

கூட்டம் பிதுங்கிய பஸ்ஸில் ஒரு பூட்ஸ், பக்கத்திலிருந்த ரப்பர் செருப்பை மிதித்துவிட்டது. வார் அறுந்துபோய், ஊக்கு மாட்டி ஓட்டிக்கொண்டிருந்த செருப்பு அது. ஊக்கு வளைந்து வாரைக் குத்தியது.

"சாரி" என்றது பூட்ஸ்.

தன்னிடம் யாரும் இங்கிலீஷில் பேசியதே இல்லை என்பதால் செருப்புக்குக் குத்தியதே மறந்துபோனது. "அப்படின்னா என்னங்கய்யா?"

"ஆதியில அதுக்கு வலின்னு அர்த்தம்."

"யாருக்கு வலிங்க?"

"சொல்றவனுக்கு. அதெல்லாம் அந்தக் காலம். இப்போ முடியாதுன்னு சொல்லவும் அதுதான், காது கேக்கலைன்னாலும் அதுதான், தள்ளி நில்லுன்னாலும் அதுதான்."

தள்ளி நிற்க இடமில்லாமல் செருப்பு ஒடுங்கிக்கொண்டது. பஸ் பிரேக் போட்டது. பூட்ஸ் மறுபடியும் அதே இடத்தில் மிதித்தது. ஊக்கு தெறித்து விழுந்தது.

"சாரிங்கய்யா" என்றது செருப்பு.