கிழிந்த கையுறை

குப்லு அந்தச் சின்னப் பனிவீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிரசவத்துக்கென்று காலையில்தான் கட்டியது. உள்ளே முனகல் கேட்டால் நின்றான். அடங்கினால் மறுபடி நடந்தான்.

அவன் மனைவி ஆலுக்கின் அண்ணன் அக்பாலிக், சறுக்குவண்டிமேல் உட்கார்ந்து நாய்வாரில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவிழ்த்த முடிச்சையே திரும்பவும் போட்டான்.

“உட்காரு மாப்ள. நீ நடக்கறதப் பாத்து, வண்டி கெளம்புதுன்னு நாயெல்லாம் எழுந்து எழுந்து நிக்குது.”

குப்லு உட்காரவில்லை. அவன் கையுறை கிழிந்து கட்டைவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றிக் கொடு, யாரிடமாவது தைத்து வாங்கித் தருகிறேன் என்றான் அக்பாலிக்.

“வேணாம் மச்சான். ஆலுக் வந்து தைப்பா.”

அக்பாலிக் வாரைக் குனிந்து பார்த்தான்.

கூரைத் துளை வழியாக மருத்துவச்சியின் குரல் வந்தது. செத்துப்போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பெயருக்குப் பிள்ளை வெளியே வருகிறதோ அதுதான் அதன் பெயர். பெயரோடு ஆளும் வந்துவிட்டதாகத்தான் அர்த்தம்.

ஒரு கிழவரின் பெயருக்கு வரவில்லை. பனி உடைந்து கடலோடு போன வேட்டைக்காரனின் பெயருக்கும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் குப்லு நிம்மதியாக மூச்சுவிட்டான். அது அக்பாலிக்கின் காதில் விழுந்தது.

“அவ அங்க துடிச்சுக்கிட்டிருக்கா. உனக்கு மூச்சு வருது.”

குப்லு தலையைக் குனிந்துகொண்டான். நடையை மட்டும் நிறுத்தவில்லை.

திடீரென்று முனகல் நின்றது. மருத்துவச்சியின் குரலும் நின்றது. அக்பாலிக்கின் கையிலிருந்து வார் நழுவியது.

வெளியிலிருந்து ஆண்கள் குரல் கொடுக்கும் வழக்கமில்லை. குப்லு மண்டியிட்டான். பனிச்சுவரில் வாயை வைத்தான்.

“ஆலுக், வந்துடுடி. என்னால முடியல.”

உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டது.

மருத்துவச்சி நுழைவழியில் தவழ்ந்து வந்து தலையை மட்டும் நீட்டினாள். ஆண் பிள்ளை என்றாள். தாய்க்கு ஒரு குறையுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குப்லு பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்பாலிக் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கிழிசலில் நீட்டிக்கொண்டிருந்த விரலைப் பிடித்துக்கொண்டான்.

“போன குளிருக்குச் செத்த என் தங்கச்சி என் பொண்டாட்டி வயித்துல எனக்கே மகனாப் பொறந்துட்டா, மாப்ள. கையுறை தைக்கத்தான் இன்னும் கொஞ்ச நாளாகும்.”