நாக்கு எட்டாத இடம்

“சாயங்காலத்துக்குள்ள அந்தப் பூனைக்கு மருந்து போடு. இல்லேன்னா, நீ அத எடுத்துட்டு வந்த அதே மீன் மார்க்கெட்லயே கொண்டு விட்டுடுவேன்” என்றார் என் கணவர். மகளின் கால் முழுக்கத் தெள்ளுப்பூச்சி கடித்த தடிப்புகள். புகைக்குப் பூச்சி ஓடிவிடும் என்று நம்பி முந்தாநாள் நான் சாம்பிராணி போட்டேன். பூச்சி ஓடவில்லை, பூனைதான் பீரோவுக்குப் பின்னால் ஓடியது. இன்னும் வெளியே வரவில்லை.

மருந்தைப் பிடரியில், அதன் நாக்கு எட்டாத இடத்தில் விடவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் தலைக்கு மேல் கை உயர்ந்தாலே அது தரையோடு ஒட்டிக்கொள்கிறது. யார் அடித்தார்களோ.

தரையில் குப்புறப் படுத்து, பீரோ இடுக்கில் கையை நீட்டினேன். “வாடி பட்டு. ஒரே ஒரு சொட்டு. அப்புறம் ஒன்னத் தொடவே மாட்டேன்.” நான் கெஞ்சுவது எனக்கே கேட்டது.

வெகுநேரம் கழித்து அது வந்து என் உள்ளங்கையில் தாடையை வைத்தது. மறு கையால் மருந்துக் குப்பியைத் தூக்கினேன். பூனை கண்களை இறுக மூடிக்கொண்டது.

“என்னடி, போட்டாச்சா இல்லையா?” கதவு அறைந்து திறந்தது. என் தோள்கள் தாமாகவே ஒடுங்கின. முகம் தரையில் புதைந்தது.

நிமிர்ந்தபோது பூனை கண்களைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடவில்லை. குப்பியின் நுனியில் சொட்டு திரண்டு நின்றது.