பெருவிரல் முதல் சுண்டுவிரல் வரை

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற எல்லோர் முதுகிலும் இப்போது வலியை மறக்கடிக்கும் அந்த மின்சில்லு இருந்தது. முதுகுத்தட்டு விலகிப் படுத்துக்கிடந்த அமல்தாஸும் அதைப் பதித்த மறுவாரமே வலியில்லாமல் வேலைக்குப் போனான்.

"வலி இனி எச்சரிக்காது, நீங்கதான் பார்க்கணும்" என்று டாக்டர் அவன் மனைவி ஜெசிந்தாவிடம் சொல்லியிருந்தார். தினமும் காலையில் அவன் கண்ணை மூடிக்கொள்ள, அவள் ஐஸ் கட்டியால் கால்விரல்களைத் தொடுவாள். எந்த விரல் என்று அவன் சொல்ல வேண்டும். உணர்வு போனால் நரம்பு சாகிறது என்று பொருள்.

பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரலில் முடிப்பது அவள் வழக்கம். ஆறு மாதமாக அவன் ஒருநாளும் தவறியதில்லை.

"சீக்கிரம் ஜெசி, லாரி வந்துரும்."

"கண்ண மூடுங்க. களவாப் பாக்கக்கூடாது."

"இருவது வருசமா உன் மூஞ்சியப் பாத்தாச்சு. இனி காலப் பாத்து என்ன செய்ய?"

அவள் சிரித்துக்கொண்டே குனிந்தாள். ஐஸ் கட்டி கையிலிருந்து வழுக்கிக் கட்டிலுக்கடியில் ஓடியது.

"பெருவிரல்" என்றான் அமல்தாஸ்.

அவள் வெறுங்கை இன்னும் அவன் காலைத் தொடவேயில்லை.

"அடுத்தது" என்றான். "அதுக்கடுத்தது." சுண்டுவிரல் வரை சொல்லி முடித்தான்.

ஜெசிந்தா அந்தப் பாதத்தை இரு கைகளாலும் பற்றி நகம் பதிய அழுத்தினாள்.

கண்ணைத் திறக்காமலே அவன் கேட்டான்:

"முடிஞ்சுதா? போவட்டுமா?"