தொட்டிக்குள் ஆட்டெலும்பு

"பிள்ளையாருக்குப் பொங்கிற காஸுக்குள்ள ஆட்டெலும்பு."

சிவமலர் இடுக்கியால் அதைத் தூக்கிக் காட்டியதும் கூட்டம் மூக்கைப் பொத்தியது.

வெள்ளவத்தையில் அந்தத் தொடர்மாடி வீட்டுச் சங்கத்தின் செயலாளர் அவர். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற வருசம், பின்வளவில் தொட்டி கட்டுவித்தவரும் அவர்தான். எல்லா வீட்டுச் சமையல் கழிவும் அதற்குள் போய், காற்றுப் படாமல் ஊறிப் புளித்து, காஸாக வந்து, கீழே வாசல் பிள்ளையாருக்குப் பொங்கும் அடுப்பில் எரியும். தொட்டிக்கும் சைவச் சாப்பாடுதான், மீன், இறைச்சி என்று மச்சக் கழிவெல்லாம் மாநகரசபை லொறிக்கு. அது சிவமலரின் சட்டம்.

இப்போது குழாயை எலும்பு அடைத்து, தொட்டிக்கு இரையில்லை. இந்த வெள்ளி பிள்ளையாருக்குப் பொங்கலும் இல்லை.

சிவமலர் பின்வரிசையில் நின்ற கணவரைக் காட்டினார். "எங்கட வாளியை இவர் தன்ர கையாலயே கொண்டுவந்து கொட்டுறவர். அவ்வளவு சுத்தம். இந்த பில்டிங்கில மச்சம் புழங்கிற வீடு ஒண்டே ஒண்டுதான்."

எல்லாரும் மெற்றில்டாவைப் பார்த்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து மூன்றாம் மாடிக்கு வாடகைக்கு வந்த வேதக்காரி, கிறிஸ்தவ மனுசி. போன ஞாயிறு எந்தெந்த வீட்டில் இறால் மணத்தது என்பது அந்த நேரம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, பாவம்.

சிவமலர் குனிந்து எலும்பைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். மெற்றில்டா பின்வரிசையை ஒருதரம் பார்த்தார்.

"ஓம். என்ர வாளியாத்தான் இருக்கும்."

"அப்ப வீட்டுக்காரரிட்டச் சொல்லி இவவை வீட்டை விட்டு எழுப்ப வேணும்," என்றார் சிவமலர். கைகள் எல்லாம் உயர்ந்தன.

மறுநாள் அதைச் சொல்லிவிட்டு வரத்தான் மூன்றாம் மாடிக்கு ஏறினார். குசினியில் பருப்பும் முருங்கையிலை வறையும்.

"என்ன மெற்றில்டா, இண்டைக்கு மச்சம் இல்லையோ?"

"தவக்காலமெல்லோ, மிஸிஸ் தியாகராசா. சாம்பல் புதனிலயிருந்து வீட்டில இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை."

"அப்ப ஏன் ஓமெண்டனீங்கள்?"

மெற்றில்டா அகப்பையைக் கீழே வைத்தார். "சனத்துக்குப் பின்னால நிண்டு உங்கட மிஸ்டர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டவர். எனக்குப் பாவமாப் போச்சு."

சிவமலர் போய் வாசற்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, மெற்றில்டாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களை ஒருத்தரும் எழுப்பாமல் நான் பார்க்கிறன், அக்கா. அந்த எலும்பு மட்டும் உங்கடதாவே இருக்கட்டும்."