ஒன்றுமில்லாத இடம்

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்த பிறகு, தணிகாசலம் பழைய வேன் ஒன்றை வாங்கி, அதில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, மனைவி மரகதவல்லியை ஊர் ஊராக அழைத்துப் போனார். சாயங்காலமானால் தங்குவதற்கு அழகான இடமாகத் தேடுவார். அன்று ஓர் ஏரிக்கரை. பின்கதவைத் திறந்துவிட்டார். படுத்தபடியே அவள் நாரைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இப்படி இடமாப் பாக்காதீங்க. ஒண்ணுமில்லாத இடமா நிறுத்துங்க."

"ஏன், பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. இதையெல்லாம் பாத்தா போக மனசு வரமாட்டேங்குது."

மறுநாள் குப்பைமேடு வந்தது. அதைத் தாண்டி சிமெண்ட் ஆலையின் நீண்ட மதில் வந்தது. பிரேக்கில் கால் வைக்க அவருக்குத் துணிவில்லை.

"இங்கயே நிறுத்துங்களேன்" என்றாள் பின்னாலிருந்து.

காதில் விழாதவர்போல் ஓட்டிக்கொண்டிருந்தார்.