மேப்பிளின் கழுத்து

"என் மரத்துல கை வைக்க நீ யாருய்யா?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வெண்டல் கத்தினார். அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஹாலிஸ் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"காலங்காத்தால என்ன வெண்டல்?"

"நான் குவிச்சு வைக்கிற மரச்சீவலை யாரோ தினமும் தோண்டி எறியறாங்க. உன்னை விட்டா வேற யாருக்கு அந்தப் புத்தி வரும்?"

சும்மா சொல்லக் கூடாது. கொல்லைப்புறத்தில் உட்காரப் போட்ட மரத்தளமான டெக்கைச் சுற்றியிருந்த தோட்டம் முழுக்க வெண்டலின் கைவேலை. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மனைவி லொரெய்ன் சொன்னபோது, "எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டவர். கல் பதித்தார், பாத்தி கட்டினார், புதர்ச்செடி நட்டார். கல் வரிசை கொஞ்சம் கோணல்தான். யாராவது சொன்னால், "உன் கண்ணு கோணல்" என்பார்.

டெக்கின் மூலையில் ஒரு மேப்பிள் கன்று. லொரெய்னின் அப்பா இறந்து பண்ணை கைமாறியபோது, அவர் வளர்த்த மரத்தடியில் முளைத்திருந்த மூன்று கன்றுகளை அவள் எடுத்து வந்தாள். இரண்டு இதே மூலையில் பட்டுப்போயின. மிச்சம் இது ஒன்றுதான். இதன் நிழல் டெக்கில் விழ வேண்டும், அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வெண்டலும் அதைக் காப்பாற்றத்தான் பாடுபட்டார். தெருவில் எல்லா வீட்டிலும் செய்வதுபோல, வேர் காயாமல் இருக்க, அடிமரமே தெரியாமல் முழங்கால் உயரத்துக்குச் சீவலைக் குவித்தார். பார்க்க லட்சணமாக இருந்தது.

போன வருஷமே ஹாலிஸ் சொல்லிப் பார்த்தார். "கழுத்துவரை புதைக்காதேப்பா. அடிமரத்துல காத்து படணும். ஈரம் தங்கினா பட்டை அழுகிடும்."

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றார் வெண்டல். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

"அவர் சொல்றதுல ஏதாவது இருக்குமோ?" என்று லொரெய்ன் இழுத்தாள்.

"அவன் சொல்லிட்டானா? அப்ப இன்னும் ரெண்டு மூட்டை போடறேன்."

போட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் யார் என்ன பேசுவது?

இந்தக் கோடையில்தான் வம்பு ஆரம்பித்தது. விடிந்து பார்த்தால் அடிமரத்தைச் சுற்றிச் சீவலை யாரோ விலக்கியிருப்பார்கள். வெண்டல் மூடுவார். மறுநாள் மறுபடி குழி.

"கேக்கறேன்ல? வாயில கொழுக்கட்டையா?" வேலியோரம் வெண்டல் மறுபடி கத்தினார்.

ஹாலிஸ் வெண்டலின் தோளுக்கு மேலாகச் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். லொரெய்ன் அங்கே நின்றிருந்தாள்.

"ஆமா. நான்தான்" என்றார்.

"இனிமே?"

"இனிமேலும் தோண்டுவேன். உன்னால ஆனதைப் பாத்துக்கோ."

வெண்டல் ரம்பத்தோடு திரும்பி வந்தார். ஹாலிஸின் ஆப்பிள் மரத்தில் ஒரு பெரிய கிளை வேலி தாண்டி இந்தப் பக்கம் நீண்டிருந்தது. அந்த மரத்தில் நன்றாகக் காய்க்கும் கிளையே அதுதான்.

"என் பக்கம் வந்தா என் இஷ்டம்."

காயும் இலையுமாகக் கிளை கீழே விழுந்தது. ஹாலிஸ் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குழாயை மூடிவிட்டு உள்ளே போனார்.

"திமிரைப் பாத்தியா?" என்று வெண்டல் மனைவியிடம் பொருமினார்.

அடுத்த வாரம் ஹாலிஸ் படகை வண்டியில் பூட்டிக்கொண்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, வெண்டல் கொல்லைக்குப் போய்ச் சீவலை ஆசை தீரக் குவித்தார்.

மறுநாள் காலை மறுபடி குழி.

வெண்டலுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்கடுத்த நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கண்விழித்தார். பக்கத்தில் லொரெய்ன் இல்லை.

டெக்கின் கதவைத் திறந்தார். அவருடைய தோட்டக் கையுறையை மாட்டிக்கொண்டு, மேப்பிளின் அடியில் மண்டியிட்டுச் சீவலை அள்ளி விலக்கிக்கொண்டிருந்தாள் லொரெய்ன்.

"நீயா?"

"நான்தான்." அவள் எழுந்திருக்கவும் இல்லை, கையை நிறுத்தவும் இல்லை. "முதல் ரெண்டு கன்னுலயும் பட்டை அழுகியிருந்ததை நான் பாத்தேன். இதையும் சாக விடமாட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. நீ ரெண்டு மூட்டை கூடப் போட்ட."

வெண்டல் தலையைத் திருப்பினார். வேலிக்கு அப்பால், ஆப்பிள் மரத்தில் வெட்டுப்பட்ட இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

"அப்ப அந்த ஆள் எதுக்குத் தான்தான்னு ஒத்துக்கிட்டான்? நான் கிளையை வெட்டும்போதுகூட வாயைத் திறக்கலையே."

"வெட்டின அன்னைக்கே மன்னிப்பு கேக்கப் போனேன்" என்றாள் லொரெய்ன். "'கிளைதானே லொரெய்ன், தளிர்த்துடும். உங்கப்பா மரம் இது ஒண்ணுதானே மிச்சம்'னு சொல்லி, ஒரு கைமண்வெட்டியும் குடுத்து அனுப்பினார்."